கம்பளிச் சட்டை போட்ட ஆணி

எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி தொங்குது. சுவரில் அடிக்கிற ஆணி இல்லை. என் கட்டைவிரலை விடத் தடிமன், ஒரு சாண் நீளம், கையில் எடுத்தால் நல்ல கனம். தலையில் வளைச்சு விட்ட ஒரு பிடி. அடியில் சின்ன ஓட்டை, அதில் ஒரு கிளிப்பு. மெக்கானிக் அதைப் பின்னுன்னு சொல்லுவார். எங்களுக்கு அது ஆணிதான். குப்பத்து டிராக்டரோட ஆணி. டிராக்டர் வெளியே மணலில் நிற்கும், ஆணி எங்க வீட்டில் இருக்கும்.

டிராக்டரை ஓட்டுறது என் கொழுந்தன், என் வீட்டுக்காரரோட தம்பி. வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம் ஆகுது. வண்டி குப்பத்துக்குப் பொது, சாவி மட்டும் கொழுந்தன் இடுப்பில். ஆனால் அந்தப் பழைய வண்டிக்கு எந்தச் சாவியை விட்டாலும் போதும். ஸ்க்ரூ டிரைவரை விட்டால்கூட உறுமும். ஒருமுறை யாரோ கேட்காமல் எடுத்துப் போய், ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு ஜெனரேட்டர் வண்டி இழுத்துவிட்டார்கள். திரும்பி வந்தப்போ டீசலும் இல்லை, ஒரு டயரில் காத்தும் இல்லை. அன்னைக்குக் கொழுந்தன் ஆணியை உருவிக்கொண்டு நேரா எங்க வாசலுக்கு வந்தார்.

"அண்ணி, இது இல்லாம அது இன்னாத்த இழுக்கும்? சும்மா ஊர் சுத்தற வண்டிதான். உங்ககிட்டயே கெடக்கட்டும். உங்க வாயிலேர்ந்து ஒரு சேதி வெளிய போவாது, ஆணியா போவப் போவுது?"

அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிறதா கிண்டல்ன்னு எடுத்துக்கிறதா, எனக்கு இன்னும் தெரியாது. நான் பேசுறது கம்மி. அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். அங்கே பேர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயான்னு சொல்லக்கூட எனக்குச் சத்தம் வராது, பக்கத்தில் இருக்கிற பிள்ளை சொல்லும். வயசானால் கூச்சம் போயிடும்ன்னு சொன்னார்கள். போகலை.

ஆணிக்கு என்ன வேலைன்னு சொல்லிவிடுகிறேன். அடையாறு கடலில் சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே எங்க கரை. அலை பெரிசா இருந்தால், பைபர் போட்டு, அதான் படகு, கரைக்கு வந்ததும் மணலில் மேலே ஏத்தணும். டிராக்டருக்குப் பின்னால், ரெண்டு பெரிய சக்கரத்துக்கும் நடுவில், தாழ ஒரு இரும்புப் பட்டை நீட்டிக்கிட்டிருக்கும். அதன் நுனி ரெண்டு தாடையாப் பிளந்திருக்கும். போட்டுக் கயித்து நுனியில் இருக்கிற இரும்பு வளையத்தை அந்தத் தாடைக்குள்ளே வெச்சு, மேலேர்ந்து ஆணியை இறக்கி, கீழே கிளிப்பைப் போட்டால் ஆச்சு. மொத்தப் போட்டோட பாரமும் அந்த ஒரு சாண் இரும்பு மேலேதான்.

கொழுந்தன் வண்டியில் ஏறிவிட்டால் ரொம்பக் கறார். கயிறு மெதுவா விறைக்கணும், வெடுக்குன்னு இழுக்க விடமாட்டார். கயித்துக்கு நேரா எவன் நின்றாலும், பெரியவர் சின்னவர் பார்க்காமல் கத்துவார். அந்துபோன கயிறு ஆளைப் பார்த்துத்தான் வரும் என்பார். எல்லாத்துக்கும் மேலே, கயிறு தாழத்தான் மாட்டணும். அந்தப் பட்டைக்கு மேலே, சீட்டுக்கு அடியில், இன்னொரு கொக்கி உண்டு. அது வயல்காட்டில் கலப்பை மாட்டுறதுக்காம். அதில் கயித்தைக் கட்டிப் போட்டை இழுத்தால், பின்னாலே போட்டு நகராது, முன்னாலே சக்கரம் எழும்பும். எழும்பின வண்டி மல்லாந்து ஓட்டுறவர் மேலேயே விழும். வேற ஒரு கரையில் அப்படி ஒருத்தர் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கார். அந்தக் கதையை ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் சோறு வேண்டாம்ன்னு எழுந்து போய்விட்டார்.

இவ்வளவும் தெரிஞ்ச நான்தான் அந்த ஆணியை எடுத்துக்கொண்டு போய் நண்டு உடைச்சேன்.

மந்தைவெளியில் ஏழெட்டுத் தெருவில் மீன் குடுக்கிறேன். புதன், வெள்ளி, ஞாயிறு. எனக்குக் கூவத் தெரியாது. கூடையை இறக்கி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பூனைங்க வந்துவிடும். அதுங்க கத்துற சத்தத்தில் வீட்டுக்காரங்க எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அது பழக்கம். "பூனை கத்துது, மீன் வந்தாச்சு" என்பார்கள்.

அதில் ஒரு வீடு டீச்சரம்மா வீடு. ரிட்டயர் ஆகித் தனியா இருக்காங்க. ரெண்டு அடுக்குமாடிக்கு நடுவில் ஓடு போட்ட பழைய வீடு. உள்ளே நுழைஞ்சால் மாதா படத்துக்கு முன்னாலே எப்பவும் ஒரு சின்ன விளக்கு எரியும். ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு வந்ததும் அவங்களுக்கு நண்டு வேணும். ஆத்து நண்டுக்குக் கொடுக்கு கல்லு மாதிரி இருக்கும். அவங்க பல்லுக்கும் ஆகாது, கைக்கும் ஆகாது. நான்தான் பின்பக்கப் படியில் உட்கார்ந்து உடைச்சுக் குடுப்பேன். என் குழவிக்கல் ரெண்டாப் பிளந்துபோன சமயம் அது. ஒரு ஞாயித்துக்கிழமை, கரையில் இழுக்கிற வேலை எதுவும் இல்லையேன்னு, ஆணியைக் கூடையில் போட்டுக்கொண்டு போனேன். அவ்வளவு அழகா உடைஞ்சது. ஒரே தட்டு, சதை சிதறவே இல்லை. நண்டைக் கழுவிக் குடுத்தேன், கூடையைத் தூக்கினேன், வந்துவிட்டேன். ஆணி படியிலேயே நின்றுபோச்சு.

வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னாலே வெறும் கொக்கியைப் பார்த்தப்போதான் ஞாபகம் வந்தது. சரி, புதன்கிழமை எடுத்துக்கலாம்ன்னு இருந்தேன்.

புதன்கிழமை போனால், டீச்சரம்மா வீட்டுப் பின்கதவை ஆணி நிறுத்திக்கிட்டிருந்தது. பத்து மணிக்கு மேலே கடல் காத்து ஏறினால் அந்தக் கதவு டமார் டமார்ன்னு அடிக்கும். மூட்டு வலியோட அவங்க எத்தனை தடவை எழுந்து போவாங்க? இப்போ கதவு அசையாமல் நின்னது.

"பாத்தியாம்மா?" என்றார்கள் என்னிடம். அப்படிச் சிரிச்சு நான் அவங்களைப் பார்த்ததே இல்லை. "யாரு போட்டுட்டுப் போனாங்கன்னே தெரியல. கேஸ்காரரைக் கேட்டேன், பிளம்பரைக் கேட்டேன், யாருதும் இல்லையாம். மாதாவே பாத்துக் குடுத்தது. மூணு வருஷமா இந்தக் கதவோட நான் பட்ட பாடு அவங்களுக்குத்தான் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கத்தான் போனேன். அது என்னோடதுங்க, மறந்துட்டேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் மாதா குடுத்ததுன்னு அவங்க சொன்னப்புறம், இல்லை நான் விட்டுட்டுப் போனதுன்னு எப்படிச் சொல்றது? அதோட, ஊர் ஆணியை வெச்சு நண்டு உடைச்சேன்னும் சொல்லணும். சங்கரா மீனை நிறுத்துக் குடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனப்போ ஆணிக்குச் சட்டை போட்டிருந்தது. சிமெண்டுத் தரையில் கீறல் விழுதுன்னு டீச்சரம்மா ரோஸ் கலர் கம்பளி நூலில் உறை போட்டிருந்தார்கள். கழுத்துக்கிட்ட வெள்ளையில் ஒரு கரை. பொறந்த குழந்தைக்குப் போடுற காலுறை மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கேட்கிற தெம்பே போச்சு. சட்டை போட்ட பொருளைப் போய் எப்படிக் கேட்கிறது?

இதுக்கு நடுவில் கரையில் இழுக்கிற வேலை வந்தது. கொழுந்தன் வாசலில் நின்று கை நீட்டினார். புதுசாக் கட்டுறதுக்காக இடிச்சுப் போட்ட அடுக்குமாடியிலேர்ந்து வந்த முறுக்குக் கம்பித் துண்டு ஒண்ணு எங்க வீட்டுப் பின்னாலே கிடந்தது. தடிமன் ஏறக்குறைய அதே அளவு. அதை எடுத்துக் குடுத்தேன்.

"இன்னா அண்ணி இது?"

"அது எங்கியோ கீது தம்பி. தேடணும். இப்பத்திக்கு இத்த வெச்சுக்கோ."

கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேற யாராவது குடுத்திருந்தால் கடலில் வீசியிருப்பார். அண்ணி குடுத்ததால் வாங்கிக்கொண்டு போனார். அன்னைக்கு வெறும் போட்டுங்கதான், சமதரை இழுப்பு. கம்பி தாங்கிச்சு, கொஞ்சம் வளைஞ்சது. மறுநாள் வளைவைத் திருப்பி மாட்டினார், நிமிர்ந்துக்குச்சு. இந்தப் பக்கம் வளையும், அந்தப் பக்கம் நிமிரும். அப்படியே நாள் போச்சு.

"கெடச்சுதா அண்ணி?" என்று ரெண்டு தடவை கேட்டார்.

"தேடிக்கினு கீறேன்" என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு. அது இருக்கிற இடம் எனக்குத் தெரியும், வாரத்துக்கு மூணு நாள் அதைத் தாண்டித்தான் போய் வந்துக்கிட்டிருந்தேன். ஒருநாள் மனசைத் தேத்திக்கொண்டு டீச்சரம்மான்னு கூப்பிட்டே விட்டேன். என்னம்மான்னு திரும்பினாங்க. நெத்திலி நல்லாருக்குன்னு சொன்னேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். புயல் வருது, யாரும் கடலுக்குப் போகக் கூடாது, போட்டெல்லாம் மேட்டுக்கு ஏத்திடணும். ஞாயித்துக்கிழமை விடிஞ்சப்போ கடல் சாம்பல் கலரில் இருந்தது. அலை வழக்கத்தை விட இருபது முப்பது அடி உள்ளே வந்து திரும்பிச்சு. இந்தத் தடவை சமதரை போதாது, ரோட்டோரம் வரைக்கும் மேடு ஏத்தணும். மழை பொடிசாத் தூறிக்கிட்டிருந்தது.

கொழுந்தன் அந்தக் கம்பியைப் போட்டுத்தான் ஆரம்பிச்சார். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறிச்சு. நான் எங்க வாசலில் நின்று பார்த்துக்கிட்டே இருந்தேன். கண்ணு போட்டைப் பார்க்கலை, அந்தக் கம்பியையே பார்த்துது. எட்டாவது போட்டு பாதி மேட்டில் இருந்தப்போ டக்குன்னு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், சுள்ளி ஒடிக்கிற மாதிரி. கம்பி ரெண்டாப் போச்சு. போட்டு பின்னாலே சறுக்கி மணலில் குத்தி நின்னது. கயித்து வளையம் எகிறிப்போய்ச் சக்கரத்தில் மோதிச்சு. நேர்க்கோட்டில் யாரும் நிற்காததால் யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

மிச்சம் பத்துப் பன்னிரண்டு போட்டு அலையடியிலேயே இருந்தது. எல்லார் வீட்டிலேயும் தேடினார்கள். கடப்பாரை தாடைக்குள்ளே போகலை. போல்ட்டு சின்னது. ஞாயித்துக்கிழமை, அதுவும் புயல், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்கும்? கடைசியா அலைக்குக் கிட்ட நின்றது ஒரு புதுப் போட்டு. அதுக்காரன் என் தூரத்து உறவு, எனக்கு மகன் முறை. முப்பது வயசு இருக்கும், தொண்டை மட்டும் மைக் செட்டு. அவனோட மொத்தப் பிழைப்பும் அந்தப் போட்டுதான். அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டுது.

"சித்தப்பா, மேல கொக்கியில கட்டு! பாத்துக்கினே நிக்கிறியே!" என்று கத்தினான்.

"மேல கட்ட மாட்டேன்டா."

"கீழ மாட்ட ஆணி எங்க கீது? நீயே சொல்லு. என் போட்டு ஒடஞ்சா நீயா வாங்கித் தருவ?"

"போட்டு ஒடஞ்சா வேற போட்டு. ஆள் போனா?"

"மெதுவா இழு சித்தப்பா. ஒண்ணே ஒண்ணு. என்துதான். கையெடுத்துக் கும்புடறேன்."

நிஜமாவே கும்பிட்டான். சுத்தி நின்றவர்களும் மெதுவா இழுத்தால் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல ஆரம்பிச்சார்கள். கொழுந்தன் கடலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மேல் கொக்கியில் கயித்தைக் கட்டச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி உறுமிச்சு. கயிறு விறைச்சுது. போட்டு அசையலை. டிராக்டரோட முன்சக்கரம் ரெண்டும் மணலை விட்டு ஒரு முழம் எழும்பிச்சு. முன்சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவில் கடலே எனக்குத் தெரிஞ்சது. கொழுந்தன் கிளட்சை மிதிச்சார், தொப்புன்னு வண்டி கீழே விழுந்தது. அவர் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தது, இறங்கலை. "இன்னொரு வாட்டி" என்று யாரோ பின்னாலேர்ந்து சொன்னார்கள்.

நான் எப்போ மணலில் இறங்கினேன்னு எனக்குத் தெரியலை. ஆம்பளைங்க கூட்டத்துக்கு நடுவில், சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்னுக்கிட்டிருந்தேன்.

"எறங்கு தம்பி" என்றேன். "ஆணி கீது. இருக்கிற எடம் எனக்குத் தெரியும். எத்தினு வரேன். அதுவரிக்கும் இழுக்காத."

அவ்வளவு பேச்சை ஒரே மூச்சில் நான் பேசினதில்லை. கொழுந்தன் என்னையே பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"எங்க பெரிம்மா கீது?" என்றான் புதுப் போட்டுக்காரன்.

"மந்தவெளில."

"மந்தவெளில இன்னா பண்ணுது அது?"

அவனே ஓடிப்போய் பைக்கை எடுத்துவந்தான். நான் ஜென்மத்தில் பைக்கில் ஏறினதில்லை. ஒருபக்கமா உட்கார்ந்து, அவன் சட்டையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, பின்கம்பியைப் பிடிச்சுக்கொண்டேன். "நல்லாப் புடிச்சுக்கோ பெரிம்மா, உன்ன வேற தேடிக்கினு இருக்க முடியாது" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தான். டீச்சரம்மா தெருமுனையில் முழங்கால் தண்ணி. சைலன்சருக்குள்ளே தண்ணி போயிடும்ன்னு அவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்தேன்.

கேட்டுக்கு வந்து நின்றேன். மழையில் ஒரு பூனை இல்லை. காத்துக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான் நிற்கிறது யாருக்கும் தெரியப் போறதில்லை. அந்தக் கேட்டில் பதினஞ்சு வருஷமா நிற்கிறேன், கூப்பிட்டதே இல்லை. எழும்பின அந்த முன்சக்கரம் கண்ணுக்கு முன்னாலே வந்தது.

"டீச்சரம்மா!"

காத்து கொண்டுபோச்சு. இன்னும் சத்தமாக் கூப்பிட்டேன். மூணாவது தடவை எதிர்வீட்டு மாடியில் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் கதவு திறந்தது.

"யாரது? அட, நீயா! புயல் நேரத்துல மீனா கொண்டு வந்த?"

"இல்லீங்க. அந்த ஆணி வேணும்."

"எந்த ஆணி?"

"கதவுக்கு வெச்சீங்களே. சட்ட போட்டு. அது எங்க டிராக்டருதுங்க. நண்டு ஒடைக்க எத்தினு வந்தேன். மறந்துட்டுப் போய்ட்டேன். அது இல்லாம போட்டு ஏறல. என் கொழுந்தன் மேல வண்டி கவுந்துடும்ங்க."

அதுக்கு மேலே என்னால் முடியலை, அழுகை வந்துவிட்டது. டீச்சரம்மா உள்ளே போனார்கள். சாத்தின பின்கதவுக்கு ஓரமா இருந்த ஆணியை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு மாசமா இதப் பாத்துக்கிட்டே போய் வந்தியேம்மா. கேட்டா குடுக்க மாட்டேனா? ஊர்ல வர்றவங்க போறவங்களை எல்லாம் கேட்டேன், உன்ன மட்டும் கேக்கல. நீ பேச மாட்டியேன்னு நானும் விட்டுட்டேன்." உறையை வெட்டி எடுக்கக் கத்தரிக்கோலைத் தேடத் திரும்பினவங்க நின்றார்கள். "நேரம் ஆவுது. அப்படியே எடுத்துட்டுப் போ."

இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணியில் நடந்தேன். திரும்புற வழியில் அவன் ஒரு வார்த்தை கத்தலை. அவன் முதுகுக்கும் என் இடுப்புக்கும் நடுவில் ஆணி இடிச்சுக்கிட்டே வந்தது.

கரையில் எல்லாரும் அப்படியே நின்றிருந்தார்கள். கொழுந்தன் கையில் குடுத்தேன். ஈரத்தில் ரோஸ் கலர் இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சது. ஒரு நிமிஷம் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"இன்னா அண்ணி" என்றார் கொழுந்தன், "குளுருதுன்னு ஆணிக்கு ஸ்வெட்டர் போட்டு வெச்சிருந்தீங்களா?"

கரையே சிரிச்சது. அந்தச் சிரிப்பில் எனக்கும் வாய் வந்தது. நண்டு உடைச்சது, மறந்தது, கேட்கக் கூச்சப்பட்டது, தேடுறேன்னு பொய் சொன்னது, எல்லாத்தையும் அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றுபோச்சு. கொழுந்தன் சட்டையை உருவி என் கையில் குடுத்துவிட்டு, கயித்தை மேலேர்ந்து அவிழ்த்துக் கீழே பட்டைக்கு மாத்தினார். வளையத்தைத் தாடைக்குள்ளே வெச்சார். ஆணி தன் இடத்தில் இறங்கிச்சு. கிளிப்பைப் போட்டார்.

முதலில் அந்தப் புதுப் போட்டுதான். கயிறு மெதுவா விறைச்சுது. முன்சக்கரம் மணலிலேயே அழுந்திக்கிட்டு இருந்தது. போட்டு அசைஞ்சது, அலையை விட்டு வந்தது, மேடு ஏறிச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாம். மதியத்துக்குள்ளே கரை காலி.

புயல் எங்க பக்கம் பெரிசா ஒண்ணும் பண்ணலை. ஆனால் அலை, காலையில் போட்டுங்க நின்ற இடத்தைத் தாண்டி வந்து போயிருந்தது. மறுநாள் காலை கொழுந்தன் வீட்டு வாசலில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஆணியை வேற யாரு வூட்லயாவது வைக்கலாம்ப்பா. அவங்களுக்கும் வயசாயிடுச்சு." இது ஒருத்தர்.

"உன் வூட்ல வெச்சா உன் பொண்டாட்டி அத்த வெச்சு உன்னத்தான் ஒடைப்பா." இது புதுப் போட்டுக்காரன் குரல். "பெரிம்மாகிட்டயே இருக்கட்டும்."

கொழுந்தன் என்ன சொன்னார்ன்னு கேட்கலை. அவங்க சொன்னதிலேயும் நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் தோணிச்சு. அரிசி கழுவிக்கிட்டே, கதவுக்குப் பின்னாலே இருக்கிற வெறும் கொக்கியை ரெண்டு தடவை பார்த்தேன். எனக்குன்னு ஊர் குடுத்திருந்த ஒரே வேலை அது.

சாயந்திரம் கொழுந்தன் வந்தார். ஆணியை டீசல் துணியால் துடைச்சு எடுத்து வந்திருந்தார். எப்பவும் போலக் கை நீட்டினார்.

"இந்தாங்க அண்ணி."

வாங்கினேன்.

"காணாம போனா காணாம போச்சுன்னு சொல்லுங்க. எங்க கீதுன்னு தெரிஞ்சா தெரியும்னு சொல்லுங்க. நேத்து நான் ரெண்டாவது வாட்டி இழுத்திருப்பேன்."

"தெரியும் தம்பி" என்றேன். "நான் பாத்தேன்."

தலையை ஆட்டினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "நண்டு ஒடைக்கறதுக்கு வேற எதனா வாங்கிக்கோங்க. இல்லாட்டி நாளைக்கு டயரைக் கழட்டித் தரேன், அதுல உக்காந்து ஒடைங்க."

அந்த வாரம் ஒரு குழவிக்கல் வாங்கினேன்.

புதன்கிழமை கடலுக்கு யாரும் போகலை. வெள்ளிக்கிழமைதான் கொஞ்சம் மீன் வந்தது. மந்தைவெளிக்குப் போறப்போ ரோஸ் கலர் சட்டையைத் துவைச்சு, காய வெச்சு, மடிச்சு எடுத்துப் போனேன். அதுக்குள்ளே ஒடிஞ்ச முறுக்குக் கம்பியோட பெரிய துண்டைப் போட்டிருந்தேன். கதவை நிறுத்த அது போதும், வேற எதுக்கும் அது ஆகாது. கேட்டில் கூடையை இறக்கிவைச்சேன். பூனைங்க இன்னும் வரலை.

"டீச்சரம்மா" என்று கூப்பிட்டேன்.

என் காதுக்கே சரியாக் கேட்கலை. உள்ளே கதவு டமார்ன்னு அடிச்சுது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.